இரண்டு கூலி

பதினெட்டு மீட்டர் ஆழத்தில்
என் கையில் ஒரு சுத்தியல்.
கூரை வேலைக்கு வாங்கியதுதான்,
பிடியை மட்டும் மாற்றியிருக்கிறேன்.
ஒரு தட்டு, ஒரு முள்ளெலி.
கறுப்பு முட்களெல்லாம் ஒரு கணம் என் பக்கம் திரும்பி
யாரென்று கேட்கின்றன.
அப்புறம் மஞ்சளாய்க் கசிகிறது.
எங்கிருந்தோ வந்துவிடுகின்றன சிறு மீன்கள்,
பந்திக்கு முந்துகிறவர்கள் மாதிரி.

தாஸ்மானியாவின் கிழக்குக் கரை.
வரைபடத்தில் இந்தக் குடாவுக்குப் பெயரில்லை,
நாங்கள் கெட்டில் என்போம்.
பன்னிரண்டு வருடம் இதே நீரின் மேல்
ரெக்ஸ் பைபஸின் படகில் கூடு இழுத்தேன்.
கீழே என்ன இருக்கிறதென்று
அப்போது கயிறுதான் சொல்லும்.
பாசிக்காட்டில் மாட்டினால் இழுவை கனக்கும்,
ரெக்ஸ் பாசியின் பிறப்பையே சந்தேகிப்பான்,
நான் அறுத்துப் போடுவேன்.
தளம் முழுக்கப் பழுப்பு நாடாக்கள், வழுக்கும்.

கூட்டுக்குள் சிங்கி இறால்கள்.
பித்தளை அளவுகோலை முதுகோட்டில் வைப்பேன்.
ஆணுக்கு நூற்றுப்பத்து மில்லிமீட்டர்,
குறைந்தால் கடலுக்கு.
சட்டம் சின்னதைக் காத்தது.
பெரியதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
ஒருமுறை நாலு கிலோவில் ஒரு கிழட்டு ஆண்,
முன்கால் என் மணிக்கட்டுப் பருமன்,
முதுகெல்லாம் ஒட்டுச்சிப்பி.
தொட்டிக்குள் விட்டதும்
மற்றவை ஒதுங்கி இடம் கொடுத்தன.
அந்த மாதம் அடுப்பு வாங்கினேன்.
நாலு பர்னர். இன்னும் எரிகிறது.

அந்தக் கால் முள்ளெலியைப் புரட்டிப் போடும்,
முள் குட்டையான வாய்ப்பக்கம் பார்த்து
நிதானமாக உடைத்துத் தின்னும்,
சின்ன இறாலுக்கு அந்த எட்டு எட்டாது
என்பதையெல்லாம்
ஆய்வுக்கூடத்து இமோஜென் வந்துதான் சொன்னாள்.
"எல்லாம் உங்களால் இல்லை, வெர்னா.
நீர் சூடாகிவிட்டது.
வடக்கு நீரோட்டம் இதன் குஞ்சுகளை
இங்கே கொண்டுவந்து கொட்டுகிறது."
நல்ல பெண். ஆறுதலுக்குச் சொல்கிறாள்.
கொட்டியது நீரோட்டம், சரி.
வாசலில் நிற்க ஆளில்லாமல் செய்தது?
அவள் தேநீரை ஊதிக் குடித்தாள்.

இப்போது கெட்டிலில் கயிறு மாட்டுவதில்லை.
காடு நின்ற இடத்தில் பாறை,
மேலே ஈறு நிறத்தில் மெல்லிய தோல்.
அபலோன் இல்லை.
கடற்குதிரை வாலைச் சுற்றிக்கொள்ள ஒரு தண்டு இல்லை.
ஒன்றுமில்லாததை மேய்ந்துகொண்டு
முள்ளெலிகள், முள்ளெலிகள்.
லேசில் சாகாத பட்டினி இது.
வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்,
துளிர் ஒன்று தலை நீட்டட்டும் என்று.

ஆகவே என்னை இறக்குகிறார்கள்.
எண்ணிக்கைக்குக் கூலி.
இறால் இதை இரவில் செய்தது,
விளக்கில்லாமல், சிலிண்டரில்லாமல், சும்மா.
அதைப் பிடித்ததற்கும் வாங்கினேன்.
அது இல்லாததற்கும் வாங்குகிறேன்.

இன்று ஒரு வெடிப்புக்குள் இரண்டு மீசை.
கண் தானாக அளந்தது:
நூற்றுப்பன்னிரண்டு, கூடப்போனால் பதின்மூன்று.
விற்கலாம்.
முள்ளெலியைப் புரட்ட இன்னும் பல வருடம் வேண்டும்,
விற்க இன்றைக்கே போதும்.
தலைக்கு மேல் ரெக்ஸின் ஆரஞ்சு மிதவை
தன் கயிற்றோடு ஆடிக்கொண்டிருந்தது.
கூட்டில் வைத்த பாரகூட்டா மீன்தலை
எனக்கு மணக்காது, அதற்கு மணக்கும்.

ஒரு முள்ளெலியை உடைத்தேன்.
முட்களைச் சுத்தியலால் வழித்துவிட்டு
சதையை வெடிப்பின் வாயில் தள்ளினேன்,
அங்கே போகாதே, இதைத் தின் என்பதுபோல.
மீசை ஒன்று நீண்டு, தொட்டு,
உள்ளே போனது.
வெளியே வந்ததா என்று பார்க்கக் காற்றில்லை.
மானி ஐம்பதைக் காட்டியது.

படகில் ஈரக் கையோடு தாளில் எழுதினேன்:
நானூற்றுப் பதினேழு.
அந்த ஒன்றையும் சேர்த்துத்தான்.